நாற்பத்தொரு விநாடிகள்

புரட்டாசி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். கல்லூரிக் கணினி அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் நான் நாற்பத்தொரு விநாடிகளை நீக்கினேன். இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். என் நினைவை நம்பிச் சொல்லவில்லை. கடைசியாகச் சேமித்த நேரத்தைக் கணினி தானே குறித்து வைக்கும்.

உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? நீங்கள் இவ்வளவு நேரம் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, முழங்கால் தைலத்தைப் பற்றி ஒருவர் பேசினாரே, அதில் மூன்று இடங்களில் வெட்டியிருக்கிறார்கள். அவருடைய தோள் மூன்று முறை குதித்தது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பயிற்சி இல்லாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சான்றிதழ் பெற்றவள். இந்தப் பேருந்து திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் செண்பகவடிவு. முப்பத்து நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புத்தகத்தில் உள்ளதுபோல் பேசுகிறேன் என்று என் தங்கையே சொல்வாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் நீதிபதிகளின் வாக்கியங்களை அடித்த கைக்கு வேறு வாக்கியம் வராது.

இந்த வயதில் காணொளிப் படிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். என் தம்பி மகனுடைய கல்யாண வீடியோதான் காரணம். நான்கு மணி நேரம் ஓடியது. அதில் நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மோர்க்குழம்பு வரும் என்று பதினோரு நிமிடம் காத்திருக்கிறேன். பதினோரு நிமிடமும் இருக்கிறது. இதை வெட்டி எடுக்க ஊரில் ஒருவரும் இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுவாரம் கல்லூரி அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது. டிஜிட்டல் வீடியோ தயாரிப்பும் படத்தொகுப்பும், நான்கு மாதம், வயது வரம்பு கிடையாது. சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். என்னைத் தவிர எவருக்கும் இருபத்தைந்து நிறையவில்லை. நான் உள்ளே நுழைந்தால் பின்வரிசையில் ஒரு பையன், "ஜட்ஜம்மா வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்கலே" என்பான். நான் நீதிபதியாக இருந்ததில்லை என்று முதல் நாளே விளக்கினேன். அவன் விடவில்லை. ஆசிரியர் பெயர் ரெக்ஸ்லின். இருபத்தேழு வயது. அவர் என்னை அம்மா என்பார். நான் அவரைச் சார் என்பேன். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனால் கற்பிக்கிறவர் சார்தான்.

முதல் பாடத்திலேயே அவர் ஒன்றைக் காட்டினார். பேச்சைக் கணினியில் ஏற்றினால், ஒலி ஓர் அலைக்கோடாகத் திரையில் வரும். குரல் எழும் இடத்தில் கோடு எழும்பி நிற்கும். "வாயை மூடுன இடத்துல கோடு படுத்திரும்மா. படுத்த இடமெல்லாம் வேஸ்ட். வெட்டிருங்க. திக்குறது, திணறுறது, ‘வந்து வந்து’ன்னு இழுக்கிறது, எல்லாத்தையும் தூக்கிருங்க. பார்க்கிறவன் நன்றி சொல்வான்."

மற்றவர்கள் இதற்குத் திண்டாடினார்கள். எனக்கு ஒரே நாளில் கைவந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன். நீதிமன்றத்தில் சாட்சி பேசுவதை அப்படியே எழுதுகிறார்கள் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்? கிடையாது. சாட்சி கூண்டில் ஏறி, "அன்னைக்கு எங்க ஆத்தாளுக்குக் காய்ச்சல் சாமி, மருந்து வாங்கப் போனேன், கடையில கூட்டம், இருட்டிட்டு, இந்தா இவன மாதிரி ஒருத்தன் சைக்கிளத் தள்ளிட்டுப் போனான்" என்பான். நீதிபதி ஒரு நொடி யோசித்துவிட்டு, "சம்பவத்தன்று எதிரி சைக்கிளைத் தள்ளிச் செல்வதை நான் பார்த்தேன்" என்று சொல்வார். எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். நான் அதை அடிப்பேன். கேள்வி போய்விடும், திணறல் போய்விடும், ஆத்தாளின் காய்ச்சல் போய்விடும். சுத்தமான வாக்குமூலம் நிற்கும். அதில் சாட்சி கையெழுத்திடுவான். முப்பத்து நான்கு ஆண்டுகள் இதைத்தான் செய்தேன். ஒரு வாக்குமூலமும் பிழை என்று திரும்பி வந்ததில்லை.

கடைசி மாதத்தில் தேர்வுக்குப் பதிலாக ஒரு படம். இரண்டு பேர் சேர்ந்து, வேலை செய்கிற ஒரு மனிதரைப் பற்றி ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு மதிப்பெண் குறையும். எனக்கு ஜோடியாக வந்தவள் நஸ்ரின், மேலப்பாளையத்துப் பெண். அவள் கேமரா, நான் தொகுப்பு. மனிதரைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

என் தங்கை வீடு பூவன்குறிச்சியில். நீங்கள் ஏறினீர்களே, அதற்கு முந்தைய நிறுத்தம். அங்கே பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் மாசானமுத்து. ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ். காலை ஐந்து மணிக்கு ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எடுத்துக்கொண்டு தொண்ணூற்றாறு படி ஏறித் தொட்டியில் ஊற்றுவார். பிறகு இறங்கி வந்து வால்வைத் திறப்பார். ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. இப்படி ஒரு மனிதர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நல்ல பொருள் என்று ரெக்ஸ்லின் சாரும் சொன்னார்.

ஆவணி நடுவில் போனோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, எங்களுக்கு முன்பே வந்து நின்றார். தொட்டிக்கு அடியில் பவுடர் மூட்டை வைக்கும் சிறிய அறை. அதன் வாசலில் அவரை உட்கார வைத்தோம். அவர் சொன்னதை நான் வழக்கப்படி சுருக்கெழுத்திலும் எடுத்தேன். இப்போதும் ஒரு சொல் விடாமல் சொல்ல முடியும். கேளுங்கள்.

"தினசரி அஞ்சு மணிக்கு ஏறிருவேன்மா. பவுடர் ஊத்தாம வால்வுல கை வைக்க மாட்டேன். ஆனா சில நாள் போடுறதில்ல." இங்கே நான்கு விநாடி பேசவில்லை. பிறகு, "சரக்கு வந்தால்லா போட. இந்தா, ரூமைப் பாருங்க, தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஆபீஸ்ல கேட்டா, வண்டி வருது வருதுங்காவ. எழுதிக் குடுத்தேன். ஒரு தடவ இல்ல, அஞ்சு தடவ. அதுக்கு மேல நான் என்னத்தச் செய்ய? தண்ணிய நிறுத்துனா சனம் அடிக்க வந்திரும். திறந்துவிட்டா எனக்கு அன்னைக்கு சோறு எறங்காது." பிறகு ஓர் இருமல். "தொண்ணூத்தாறு படிம்மா. முட்டி வலிக்கத்தான் செய்யி. பழகிப்போச்சு" என்று சிரித்தார்.

அறையைப் பாருங்கள் என்றபோது நஸ்ரின் கேமராவைத் திருப்பி வெறும் அறையைக் காட்டினாள். காட்சி ஆடிவிட்டது. பின்னால் மோட்டார் இரைச்சல் வேறு.

பத்து நாள் கழித்து இன்னொரு முறை போனோம். பேசுகிறவர் முகத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் சலித்துவிடுவார். இடையில் போடுவதற்குக் கை, படி, வாளி, தண்ணீர் என்று தனியாகக் காட்சிகள் வேண்டும். பி-ரோல் என்பார்கள். வெட்டிய இடத்தில் தலை குதிக்குமே, அதன் மேல் இப்படி ஒரு காட்சியைப் போர்த்திவிட்டால் குதிப்பு தெரியாது. இரண்டாம் முறை போன அன்று லாரி வந்திருந்தது. அறை நிறைய மூட்டைகள், கூரை வரை, ஒரு மாதத்துக்கான சரக்கு. மாசானமுத்துவுக்கு ஒரே மகிழ்ச்சி. "இன்னைக்கு எடுங்கம்மா. இன்னைக்கு ரூமு கல்யாண வீடு மாதிரிலா இருக்கு" என்றார். காலை வெயில் சாய்வாக விழுந்து, மூட்டைகள் மிக நன்றாகப் பதிவாயின.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். எல்லாம் கோத்து முடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடி. மதிப்பெண்ணே ஐம்பதுதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நான் ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தேன். படி ஏறுவது வேண்டும். வாளி வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது வேண்டும். ஆடுவதும், இரைச்சல் உள்ளதும், சொன்னதையே சொல்வதும், இருமலும் சேர்ந்து ஓரிடத்தில்தான் இருந்தன. "சில நாள் போடுறதில்ல" என்பதற்குப் பிறகு தொடங்கி, "பழகிப்போச்சு" என்பதற்கு முன்புவரை அளந்தேன். சரியாக நாற்பத்தொரு விநாடி. எனக்காக அளந்து வைத்ததுபோல் இருந்தது.

நஸ்ரின் பக்கத்தில் இருந்தாள். "செண்பகம்மா, அந்தப் பாக்கிய ஏன் எடுத்தீங்க? அது இல்லன்னா அவர் வேற மாதிரில தெரியுதாரு."

"என்ன மாதிரி?"

"போட மாட்டேன், பழகிப்போச்சுன்னு சிரிக்கிறாரு. பொறுப்பில்லாத ஆளு மாதிரி."

"அவர் சொல்லாத சொல் ஏதாவது இருக்கிறதா?"

"இல்ல. ஆனா..."

"ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை நஸ்ரின். நேரம் மூன்றே கால் ஆகிறது. உனக்கு வேறு நாற்பத்தொரு விநாடி தெரிந்தால் காட்டு."

அவள் படி ஏறும் காட்சியைக் காட்டினாள். அவள் எடுத்ததில் அதுதான் சிறந்தது. அதை வெட்ட எனக்கே மனம் வரவில்லை, அவளுடைய நலனுக்காகத்தான். தலை குதித்த இடத்தில் எதைப் போர்த்துவது என்று பார்த்தேன். மூட்டைகள் இருந்தன. வாக்கியம் பவுடரைப் பற்றியது, காட்சியும் பவுடரைப் பற்றியது. பொருத்தமாக இருந்தது.

ரெக்ஸ்லின் சார் பார்த்துவிட்டு, "ஒரு பிசிறு இல்லம்மா. எங்க வெட்டினீங்கன்னு எனக்கே தெரியல" என்றார். நாற்பத்தேழு மதிப்பெண். வகுப்பிலேயே அதுதான் அதிகம். கல்லூரியின் யூடியூப் சேனலில் ஏற்றினார்கள். பின்வரிசைப் பையன் என்னிடம் வந்து கை கொடுத்தான்.

படத்தை மாசானமுத்துவுக்கும் காட்டினேன். தங்கை வீட்டுக்குப் போனபோது அவரையும் அவர் மனைவியையும் வரச் சொல்லி, கைப்பேசியில் போட்டேன். தான் படி ஏறுவதைத் தானே பார்த்து அவர் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்ததும், "எழுதிக் குடுத்தேன்னு சொன்னம்லா, அது வரல்லியோம்மா?" என்று கேட்டார்.

"நேரம் போதவில்லை" என்றேன்.

"சரிம்மா. எது வேணும் எது வேண்டாம்னு ஒங்களுக்குத் தெரியாததா" என்றார். அவர் மனைவி மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன். இரண்டாம் முறை முடிந்தபோது அவள் எழுந்து போனாள். படிக்காதவள், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் சுருக்கெழுத்துக் குறிப்பேட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். படத்தை என் மடிக்கணினியில்தான் தொகுத்திருந்தேன், அதிலிருந்து மூலப்பதிவு முழுவதையும் அழித்தேன். கல்லூரி கொடுத்த மெமரி கார்டை நஸ்ரின் வெறுமையாக்கித்தான் ஒப்படைத்திருந்தாள், அது விதி. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சுத்தப் பிரதியில் கையெழுத்தான பிறகு குறிப்பேட்டை வைத்திருப்பது ஒழுங்கல்ல. பணியில் இருந்தபோதும் காலக்கெடு முடிந்ததும் கட்டுக்கட்டாகக் கொளுத்துவோம். ஒரு விஷயத்துக்கு ஒரு பிரதிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் வழக்கு முடியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. எட்டு நாள் விடவில்லை. ஒன்பதாம் நாள் தங்கை போன் செய்தாள். தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு வாந்திபேதி என்றாள். மறுநாள், ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றாள். அதற்கு மறுநாளும் போன் செய்தாள். நான்காம் வார்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறந்துவிட்டது என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் மூன்று பேர்.

தொட்டித் தண்ணீரைச் சோதித்தார்கள். குளோரின் இல்லை. ஒன்பது நாளாகச் சரக்கு வரவில்லை என்று மாசானமுத்து சொன்னார். வந்தது என்று அலுவலகம் சொன்னது. எழுதிக் கொடுத்தேன் என்றார். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை என்றார்கள். சரி, இவர் ஒன்று சொல்கிறார், அவர்கள் ஒன்று சொல்கிறார்கள். இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எவனோ என் படத்திலிருந்து பதினாறு விநாடியை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டான். "சில நாள் போடுறதில்ல. பழகிப்போச்சு." அடுக்கிய மூட்டைகள். சிரிப்பு. அவ்வளவுதான். ஒரே இரவில் மாவட்டம் முழுவதும் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் என்னவென்றால், எடுத்தவனுக்குத் தொழில் தெரியவில்லை. கடைசிக் காட்சி பாதியில் அறுந்து நிற்கிறது.

மாசானமுத்து வீட்டுக் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அவருடைய மனைவி குழாயடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். இதெல்லாம் தங்கை சொன்னது. நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன்.

அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து துறை விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு ஒன்றுதான். சரக்கு கையிருப்பில் இருக்கும்போதே போடாமல் விடுவது இவருடைய வழக்கம். நிரூபணமானால் வேலை போகும், இருபத்திரண்டு ஆண்டுச் சர்வீஸும் போகும். அதோடு மூன்று சாவுக்கும் காரணம் அவர்தான் என்று ஊர் எழுதி வைத்துக்கொள்ளும். சாட்சியாக எனக்கு ஓலை வந்தது. நஸ்ரினுக்கு வரவில்லை. படத்தின் முடிவில் தொகுப்பு என்று என் பெயர்தான் பெரிதாக இருந்தது. அவள் கொச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கிருந்து பேசினாள்.

"அம்மா, நீங்க எல்லாத்தையும் சொல்லிருவீங்கள்ல? நானும் லீவு போட்டுட்டு வரட்டா?"

"உன்னை அழைக்கவில்லை. அழைக்காதவர் போய்ச் சாட்சி சொல்ல முடியாது."

"நீங்க சொல்லுவீங்கள்ல?"

"கேட்டால் சொல்வேன்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. அவள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம், காலை பதினொரு மணி. பேரூராட்சி மன்றக் கூடம். மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கண்ணியமானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒரு பெண் கணினியில் அடித்தாள். நல்ல வேகம். மணிக்கட்டைத்தான் மேசையில் ஊன்றியிருந்தாள், அது கூடாது. நான் மூன்றாம் சாட்சி. என் படத்திலிருந்து மூட்டைகள் தெரியும் ஒரு சட்டகத்தை வண்ணத்தில் அச்செடுத்து, சான்றாவணம் நான்கு என்று குறித்து வைத்திருந்தார்கள். அச்சு நன்றாக வந்திருந்தது.

"இந்தப் படத்தைத் தொகுத்தது நீங்கள்தானா?"

"ஆம்."

"இதில் உள்ள பேச்சு மாசானமுத்து தாமாகப் பேசியதுதானா?"

"ஆம்."

"ஏதாவது சொல் சேர்க்கப்பட்டதா?"

"ஒரு சொல்லும் சேர்க்கப்படவில்லை."

"இந்த மூட்டைகள் அந்த அறையில் இருந்தவையா, வேறு எங்கேயாவது எடுத்ததா?"

"அதே அறைதான்."

"முழுப்பதிவு உங்களிடம் இருக்கிறதா?"

"இல்லை. வழக்கப்படி அழித்துவிட்டேன்."

இவ்வளவுதான் கேட்டார். மூட்டைகளையும் பேச்சையும் ஒரே நாளில் எடுத்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பத்து நாள் இடைவெளி என்று சொல்லியிருப்பேன். ஏதாவது நீக்கப்பட்டதா என்று அவர் கேட்கவில்லை. சேர்க்கப்பட்டதா என்றுதான் கேட்டார். சாட்சியானவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லப் புகுந்த சாட்சிகளை எத்தனை நீதிபதிகள் அதட்டி உட்கார வைத்திருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அதிகாரி மாசானமுத்துவைப் பார்த்து, "குறுக்கு விசாரணை செய்யணுமா? இவங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

மாசானமுத்து செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார். படம் எடுத்த அன்று போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. இளைத்துப் போயிருந்ததால் தோளில் தொங்கியது. எழுந்து நின்றார்.

"நான் என்னத்தக் கேக்கய்யா. எல்லாந்தான் அம்மாவுக்குத் தெரியுமே" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அது கேள்வி இல்லை. நீங்களே சொல்லுங்கள், அது கேள்வியா? அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மின்விசிறி சுற்றியது. அந்தப் பெண் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக் காத்திருந்தாள். பதினோரு பன்னிரண்டு விநாடி இருக்கும். கணினியில் ஏற்றியிருந்தால் கோடு படுத்துத்தான் கிடந்திருக்கும்.

"கேள்வி உண்டா இல்லையா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்கய்யா" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

"குறுக்கு விசாரணை இல்லை" என்று அதிகாரி சொன்னார். அந்தப் பெண் அடித்தாள்.

அச்சடித்து என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றரைப் பக்கம். நல்ல வாக்கியங்கள். என் வீட்டுக் கதவு எண் தவறாக இருந்தது, பதினான்குக்குப் பதில் நாற்பத்தொன்று. திருத்தச் சொன்னேன். உடனே திருத்தி வேறு தாள் எடுத்தார்கள். கையெழுத்திட்டேன். பேனாவை மூடிக் கொடுக்கும்போது, "இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் ஒண்ணும் சேர்க்க முடியாதேம்மா. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

"தெரியும்" என்றேன். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ சாட்சிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழே இறங்கி வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. மாசானமுத்து படிக்கட்டுக்கு அருகில் நின்றார். அவர் மனைவி சற்றுத் தள்ளி, வேறு பக்கம் திரும்பி நின்றாள். அவர் என்னிடம் வந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நான் அப்படியே நின்றேன். கேட்டால் சொல்லியிருப்பேன். அங்கே, அந்தத் தூறலில், ஒரு சொல் விடாமல் சொல்லியிருப்பேன்.

"மழை வருதும்மா. ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். தங்கை வீடு பக்கம்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. டாக்டர் வயது என்கிறார், வயதாகத்தான் இருக்கும். தை மாதத்தில் அந்த மடிக்கணினியை ஒருவரிடம் கொண்டுபோய், அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்டேன். அதன் மேல் வேறு ஏதாவது பதிந்திருக்கிறீர்களா என்றார். தம்பி மகனுடைய கல்யாண வீடியோவை நாற்பது நிமிடமாகச் சுருக்கியிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கணினியைத் திறக்கவே இல்லை. அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு காரியம் எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டேன். இன்று நேரில் வந்து பதிலை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டுதான் இந்தப் பேருந்தில் ஏறினேன். இதோ, ஐந்து பத்திகள். நீங்கள் இறங்கும் இடம் வருவதற்குள் படித்துவிடலாம்.

இறந்த மூவரின் குடும்பத்துக்கும் தலா இரண்டு இலட்சம் நிவாரணம், பொங்கலுக்கு மறுவாரம், காசோலையாக. மாசானமுத்து தை இருபதாம் தேதி முதல் பணிநீக்கம். சர்வீசுக்கான பணம் எதுவும் வழங்கத்தக்கதல்ல. மூன்றாம் சாட்சிக்குப் பயணப்படியும் சாட்சிப்படியுமாக நூற்றெண்பது ரூபாய், மார்கழி மூன்றாம் தேதி, மணியார்டரில். அது வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். விசாரணை அதிகாரிக்கு வாகனச் செலவு. கடைசிப் பத்தி, பவுடர் ஒப்பந்தக்காரர். சரக்கு வழங்கியதில் குறை ஏதும் இல்லை என்பது மூன்றாம் சாட்சியின் வாக்குமூலத்தாலும் சான்றாவணம் நான்காலும் தெளிவாவதால், ஐப்பசி மாதத்தின் அந்த ஒன்பது நாள்களுக்கும் சேர்த்து, ஆண்டு முழுவதற்குமான தொகை மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, அலுவலக நேரத்துக்குள், பிடித்தம் எதுவுமின்றி அவருக்கு வழங்கப்பட்டுள்ளது.